கரிமா பிரவுன்: செய்தி மேசையிலிருந்து டிவி திரை வரை – ஒரு விவாத இழை

மிட்ராண்ட் மழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தேர்தல் இழையில் ஒருவர், "டிவியில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கட்சியின் ஆள்தான்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறிவிடும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

நான் பேச விரும்புவது தென்னாப்பிரிக்கச் செய்தியாளர் கரிமா பிரவுனைப் பற்றி. 1967இல் பிறந்தவர். எண்பதுகளில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த யுடிஎஃப் கூட்டணியின் போராட்டங்களில் இருந்தவர். பிறகு செய்தியாளர், 'பிசினஸ் டே' நாளிதழின் அரசியல் ஆசிரியர், இண்டிபெண்டன்ட் மீடியா குழுமத்தில் பெரிய ஆசிரியப் பொறுப்பு, 702 வானொலியில் தன் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி, கடைசியாக இஎன்சிஏ செய்திச் சேனலில் ஞாயிற்றுக்கிழமைகளில் 'தி ஃபிக்ஸ்' நிகழ்ச்சி. 2021 மார்ச் 4 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 53.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்தவன் நான். மண்டேலாவின் கட்சியான ஏஎன்சிக்குள் எத்தனை அணிகள், யார் யாருக்கு வேண்டியவர், ஏன் ஒரு அமைச்சர் திடீரென்று வாய் திறக்காமல் போகிறார் என்பதையெல்லாம் எனக்குப் புரியவைத்தது அவருடைய நிகழ்ச்சிதான். விருந்தினர் சுற்றி வளைத்துப் பேசினால் விடமாட்டார். "நான் கேட்டது அது இல்லையே" என்ற மாதிரி மறுபடி அதே கேள்விக்கு இழுத்துக்கொண்டு வருவார். மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை என்றால் அதையும் நேயர்களிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவார்.

அவருக்குச் சாய்வு இருந்தது. ஏஎன்சி மரபிலிருந்து வந்தவர் என்பதை அவர் ஒளித்ததே இல்லை. நம் ஊரில் இது புதிதா என்ன? பெரியார் 1925இல் குடி அரசு தொடங்கினார். கருணாநிதி 1942இல் முரசொலி தொடங்கினார். சோ 1970இல் துக்ளக் தொடங்கினார். இவர்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துதான் வாங்கிப் படித்தோம். அரசியல் கற்றுக்கொண்டதும் அங்கேதான். சாய்வு வெளிப்படையாக இருந்தால் போதும், அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்ன?

பழைய அச்சுமேசை எழுதியது (டர்பன்):

தம்பி, நல்ல இழை. ஆனால் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை.

நான் பத்திரிகையில் பிழை திருத்துவதில் தொடங்கி, துணை ஆசிரியர் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2015 ஜனவரியில் ஏஎன்சியின் பிறந்தநாள் பேரணி கேப்டவுனில் நடந்தது. அந்தப் பேரணியில் கரிமா பிரவுனும் அவரோடு வேலை பார்த்த வுக்கானி ம்டேயும் கட்சி நிறத்தில் உடை அணிந்து நிற்கும் படங்கள் வெளிவந்தன. அந்த நேரத்தில் அவர் வெறும் கருத்தாளர் இல்லை. இண்டிபெண்டன்ட் குழுமத்தில் ஆசிரியர்களுக்கு மேலே இருந்தார். அந்தக் குழுமத்தில் என்னென்ன பத்திரிகைகள் என்று எண்ணிப் பாருங்கள்: தி ஸ்டார், கேப் டைம்ஸ், எங்கள் டர்பனின் மெர்க்குரி, டெய்லி நியூஸ், நம்மவர்கள் வீட்டுக்கு வீடு வாங்கும் போஸ்ட். இத்தனைக்கும் மேலே இருப்பவர் ஆளும் கட்சியின் சட்டையோடு நின்றால், சாட்ஸ்வொர்த்தில் போஸ்ட் வாங்கும் பாட்டி எதை நம்பிப் படிப்பார்?

நீங்கள் சொன்ன குடி அரசு, முரசொலி எல்லாம் இயக்கப் பத்திரிகைகள். துக்ளக் என்றால் சோ. வாங்கும்போதே வாசகருக்குத் தெரியும். மெர்க்குரியும் போஸ்ட்டும் அப்படி இல்லை. எல்லாருக்கும் பொதுவான பத்திரிகை என்று சொல்லித்தான் காசு வாங்குகிறார்கள்.

ஒரு பெரிய பத்திரிகையின் செய்தி மேசையில் ஆசிரியரின் விருப்பு வெறுப்பு எப்படி வேலை செய்யும் தெரியுமா? யாரும் வந்து "இதைப் போடாதே" என்று சொல்வதில்லை. மாலை நான்கு மணிக்குப் பக்கத் திட்டக் கூட்டம். ஒரு நகராட்சி ஊழல் செய்தி முதல் பக்கத்துக்குத் தயாராக இருக்கும். மேலே இருப்பவர் எதுவும் பேசாமல் கொஞ்சம் முகம் சுளித்தால் போதும். அது ஐந்தாம் பக்கத்துக்குப் போகும், தலைப்பு சின்னதாகும், படம் போகும். மறுநாள் யாரும் குறை சொல்ல முடியாது, செய்தி வந்திருக்கிறதே! இதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் ஆசிரியர் நாற்காலியில் இருப்பவருக்குக் கட்சிச் சட்டை ஆகாது என்கிறேன்.

கேப் காற்று எழுதியது (கேப்டவுன்):

ஐயா சொல்வது சரி. ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கரிமா மிட்செல்ஸ் பிளெய்னில் வளர்ந்தவர். நிறவெறி அரசு கலப்பின மக்களை நகரத்திலிருந்து விரட்டி மணல்மேட்டில் குடிவைத்த இடம் அது. 1983 ஆகஸ்ட் 20 அன்று யுடிஎஃப் தொடங்கப்பட்டதும் அங்கேதான், ராக்லண்ட்ஸ் சமூகக் கூடத்தில். அந்தத் தலைமுறைக்கு நடுநிலை என்பது வெள்ளைக்காரர் பத்திரிகைகள் பேசிய பேச்சு. காவல்துறை சொன்னதை ஒரு பத்தி, குண்டடிபட்டவரின் தாய் சொன்னதை ஒரு பத்தி போட்டுவிட்டு 'இரு தரப்பும்' என்று முடிப்பார்கள். எண்பதுகளில் இங்கே இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில் அதுவும் கிடையாது. அதைப் பார்த்து வளர்ந்த ஒருத்திக்குத் தன் பக்கத்தை வெளியே சொல்வதுதான் நேர்மையாகப் பட்டிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டை போட்டால்தான் சாய்வு என்று இல்லை. 2013 டிசம்பர் 5 இரவு மண்டேலா இறந்தார். கேப் டைம்ஸ் அவருக்காக ஒரு தனிச் சுற்றுத்தாளே அச்சடித்தது. உள்ளே வழக்கமான முதல் பக்கத்தில், பத்திரிகையைப் புதிதாக வாங்கியிருந்த செகுஞ்சாலோ நிறுவனம் சம்பந்தப்பட்ட மீன்வளத்துறை ஒப்பந்தம் பற்றி, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் தந்த அறிக்கை தலைப்புச் செய்தி. மறுநாளே ஆசிரியர் அலிடே டாஸ்னோய் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நிர்வாகம் வேறு காரணம் சொன்னது. இதே குழுமத்தில்தான் கரிமா பொறுப்பில் இருந்தார். என்னைக் கேட்டால், அவர் போட்ட சட்டையைவிட, டாஸ்னோய் விஷயத்தில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். அதில் எனக்கு அவர் மேல் வருத்தம் உண்டு. மதிப்பும் குறையவில்லை.

சாட்ஸ்வொர்த் டீச்சர் எழுதியது:

நான் வாரக் கடைசியில் தமிழ் வகுப்பு எடுப்பவள். என் மாணவிகளில் இரண்டு பேர் இதழியல் படிக்கப்போகிறோம் என்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த இழையைக் கவனமாகப் படிக்கிறேன்.

நம்மவர்கள் இந்த நாட்டில் அரசியல் எழுதத் தொடங்கியதே கட்சி கட்டிக்கொண்டுதான். 1903 ஜூனில் காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' வந்தபோது அதில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழ்ப் பக்கமும் இருந்தது. அப்புறம் 1908இல் பி. எஸ். ஐயர் டர்பனில் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' தொடங்கினார், ஆங்கிலமும் தமிழுமாக. ஒப்பந்தக் கூலிகளாக வந்து காலம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் ஆளுக்கு வருடம் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்ததே, அதை எதிர்த்து ஐயர் விடாமல் எழுதினார். காந்தி தொழிலாளர்களின் பிரச்சினையைப் போதுமான அளவு எடுக்கவில்லை என்று பட்டபோது காந்தியையும் விடவில்லை. அந்த வரி 1914இல்தான் ஒழிந்தது. நம் வரலாற்றுப் பேச்சில் காந்தி பெயர் நூறு முறை வரும், ஐயர் பெயர் ஒரு முறை வருவதே அபூர்வம். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

ஐயர் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டவர்தான். ஆனால் தன் பக்கத்துத் தலைவரையே கேள்வி கேட்டார். கரிமாவிடமும் நான் அதைத்தான் பார்ப்பேன். ஜூமா அதிபராக இருந்த காலத்தில் கரிமா தன் நிகழ்ச்சிகளில் ஏஎன்சியை எப்படிக் கேள்வி கேட்டார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிட்ராண்ட் மழை எழுதியது:

டீச்சரம்மா, நான் பார்த்தவரை ஏஎன்சிக்காரர்களிடம்தான் அவர் அதிகக் கடுமையாக இருந்தார். உள்வீட்டுக்காரர் என்பதால் எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று தெரிந்திருந்தது. வெளியிலிருந்து வரும் செய்தியாளர் "ஊழல் பற்றி என்ன சொல்கிறீர்கள்" என்று பொதுவாகக் கேட்பார். இவர், எந்தக் குழுவின் கூட்டத்தில் யார் எதைத் தடுத்தார் என்று கேட்பார். பதில் சொல்பவருக்குத் தப்பிக்க வழி இருக்காது.

லெனேசியா வாசி எழுதியது:

மரியாதையோடு சொல்கிறேன், எல்லாரும் அவரைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். 2019 விவகாரத்தையும் சொல்லுங்கள். இஎஃப்எஃப் என்ற எதிர்க்கட்சி செய்தியாளர்களுக்காக வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில், வேறு யாருக்கோ அனுப்ப வேண்டிய செய்தியை அவர் போட்டுவிட்டார். அதைப் பார்த்துதான் அவர்கள் "ஆளும் கட்சிக்கு வேவு பார்க்கிறார்" என்றார்கள். 2015இல் அந்த உடையைப் போட்டிருக்காவிட்டால் அந்தக் குற்றச்சாட்டு ஒட்டியிருக்குமா?

மிட்ராண்ட் மழை எழுதியது:

இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு முழுக் கதை தெரியாது.

2019 மார்ச் 5. மே மாதத்தில் தேர்தல். இஎஃப்எஃப் மூத்தவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்துவதாகத் தகவல் வந்தது. கரிமா தன்னுடன் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார்: இதைக் கவனியுங்கள், அந்தப் பெரியவர்கள் யார், எல்லாருமே ஆண்களா, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், தொடர்ந்து பாருங்கள் என்ற பொருளில். அது கைதவறிக் கட்சியின் குழுவுக்குப் போய்விட்டது. ஒரு செய்தி ஆசிரியர் தினமும் நிருபருக்கு அனுப்பும் குறிப்பு இப்படித்தான் இருக்கும். இதில் வேவு எங்கே இருக்கிறது?

இஎஃப்எஃப் தலைவர் ஜூலியஸ் மலேமா அதைப் படம் பிடித்து, கரிமாவின் சொந்தத் தொலைபேசி எண் தெரியும்படி ட்விட்டரில் போட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். அன்றிலிருந்து கரிமாவின் போனுக்கு வந்தவை பாலியல் வன்கொடுமை மிரட்டல்கள், கொலை மிரட்டல்கள், ஆபாசப் படங்கள். அவர் அவற்றை ஒளிக்கவில்லை, வெளியே காட்டினார். வழக்குப் போட்டார்.

வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் என்பது முக்கியம். தேர்தல் நடத்தை நெறியில், ஒவ்வொரு கட்சியும் செய்தியாளர்களின் பணியை மதிக்க வேண்டும், தன் ஆதரவாளர்கள் அவர்களை மிரட்டாமல் இருக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எண்ணை வெளியிட்ட பிறகு மிரட்டல்கள் குவிந்தபோது கட்சி தன் ஆட்களைத் தடுத்ததா என்பதுதான் கேள்வி. அவர் செய்தியாளரே இல்லை, அரசியல் ஆள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2019 ஜூனில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் இஎஃப்எஃப்பும் மலேமாவும் நெறியை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது.

லெனேசியா நண்பருக்கு: 2015 உடை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த உடைக்கு இந்த மிரட்டல்கள் பதில் ஆகாது.

லெனேசியா வாசி எழுதியது:

மிரட்டலை நான் ஒருநாளும் நியாயப்படுத்தவில்லை. என் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் அதே வருடம் இன்னொரு வழக்கில் செய்தியாளர்கள் தோற்றார்கள், அதையும் பதிவு செய்யுங்கள். ஆசிரியர்கள் சங்கமான சானெஃப், ஐந்து செய்தியாளர்களோடு சேர்ந்து இஎஃப்எஃப் மீது சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனது. ரஞ்சனி முனுசாமி, பவுலி வான் வைக், ஏட்ரியன் பாசன், மாக்ஸ் டு பிரீஸ், பாரி பேட்மன் ஆகியோர் அந்த ஐவர். 2019 அக்டோபரில் வழக்குத் தள்ளுபடி. இனம், பாலினம் போலத் தொழில் என்பது அந்தச் சட்டம் பாதுகாக்கும் அடையாளம் ஆகாது என்பது காரணம். ஆக, தேர்தல் காலத்தில் நெறியின் பாதுகாப்பு இருக்கிறது. தேர்தல் முடிந்த மறுநாள்?

ரஞ்சனி முனுசாமி பெயரைச் சொன்னதால் இன்னொன்று. பெயரைப் பார்த்தாலே நம் வேர் தெரியும். அரசியல் செய்தியில் அவ்வளவு உயரம் போனவர் நம்மவர்களில் அதிகம் இல்லை. 2003இல் அரசு வழக்குத் துறைத் தலைவர் புலெலானி ங்குகா நிறவெறி அரசின் உளவாளியாக இருந்தாரா என்று விசாரிக்கப்பட்ட கதையை வெளியே கொண்டுவந்தவர் அவர். அவருடைய சண்டே டைம்ஸ் போட மறுத்தது, சிட்டி பிரஸ்ஸில் வந்தது, அவர் வேலையை விட்டார். அதற்காக ஹெஃபர் ஆணையமே அமைந்தது. ங்குகா உளவாளி இல்லை என்பதுதான் முடிவு. அப்புறம் ஜூமாவுக்கு ஆதரவான இணையதளத்தை நடத்தினார், பல வருடம் கழித்து டெய்லி மேவரிக்கில் மறுபடி அரசியல் எழுதினார், ஜூமாவையே கடுமையாக விமர்சித்தார், 2021இல் நிதி அமைச்சரின் அலுவலகத்தில் வேலைக்குப் போனார். இப்படி அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய்வந்தால் வாசகன் யாரை நம்புவது?

பழைய அச்சுமேசை எழுதியது:

போய்வருவதில் எனக்குக் குறை இல்லை. ஹெஃபர் ஆணையம் அவரை அழைத்தபோது, தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கும் நிலை வரக்கூடாது என்று போராடினார். கதை உண்மையா இல்லையா என்பது வேறு, தகவல் தந்தவரைக் காப்பது வேறு. அந்த ஒரு விஷயத்தில் அவர் நின்றது சரி.

குறை எங்கே என்றால், ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போகும்போது வாசகருக்கு யாரும் சொல்வதில்லை. நேற்றுவரை ஒரு தலைவருக்கு வேலை பார்த்தவர் இன்று கட்டுரை எழுதினால், கட்டுரையின் அடியில் ஒரு வரி போட வேண்டும். பழைய ஆசிரியர்கள் சிலர் அதைக் கண்டிப்பாகப் போடுவார்கள். இன்று இணையத்தில் எழுத்தாளரின் பெயரைத் தொட்டால் ஒரு சின்ன அறிமுகம் வருகிறது. அதில் வாங்கிய விருதெல்லாம் இருக்கும், பார்த்த கட்சி வேலை இருக்காது.

திரைக்குப் பின்னால் எழுதியது (ஜோகன்னஸ்பர்க்):

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு செய்திச் சேனலில் தயாரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். எந்தச் சேனல் என்பது வேண்டாம்.

டிவியில் கருத்தாளர் எப்படித் தேர்வாகிறார் என்று வெளியே இருப்பவர்கள் பெரிதாக நினைக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு ஒரு அமைச்சர் ராஜினாமா. ஆறரை மணிச் செய்திக்கு யாராவது பேச வேண்டும். தயாரிப்பாளரிடம் ஒரு பட்டியல் இருக்கும். முதல் ஆள் போன் எடுக்கவில்லை, இரண்டாம் ஆள் விமான நிலையத்தில், மூன்றாம் ஆள் எடுத்தார், வீட்டில் இணையம் நன்றாக இருக்கிறது, பளிச்சென்று பேசுவார். அவ்வளவுதான், அவர்தான் அன்றைய 'அரசியல் ஆய்வாளர்'. மின்வெட்டு நேரத்தில் வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறவருக்கே முதல் அழைப்பு. அவருடைய பெயருக்குக் கீழே வரும் பட்டையில் எதைப் போடுவது என்று யோசிக்க நேரமே கிடையாது. போன தடவை போட்டதை அப்படியே எடுத்துப் போடுவோம். அவர் இடையில் ஒரு கட்சிக்கோ அமைச்சருக்கோ ஆலோசகராகப் போயிருந்தாலும் பட்டை மாறாது.

கரிமா இதில் வேறு மாதிரி. அவர் வெறும் விருந்தினர் இல்லை, நிகழ்ச்சி நடத்துபவர், அதற்கு முன்னால் வருடக்கணக்கில் செய்தி சேகரித்தவர். அந்த அடித்தளம் இருக்கிறவர் பேசினால் உடனே தெரிந்துவிடும். "எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள்" என்பதற்கும் "நான் நினைக்கிறேன்" என்பதற்கும் நடுவில் கோடு போட்டுப் பேசுவார்கள். செய்தி சேகரித்துப் பழகாதவர்களுக்கு அந்தக் கோடு தெரியாது, எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வார்கள்.

2024 தேர்தல் இரவை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர் விஞ்ஞானிகளின் கணிப்பு, வாக்குகளில் சிறு பகுதி எண்ணி முடித்ததுமே ஏஎன்சி பெரும்பான்மையை இழந்து நாற்பது சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும் என்று காட்டியது. முடிவுப் பலகையில் தெரிந்த எண் வேறு, கணிப்பு வேறு. கிராமப்புற வாக்குகள் முதலில் வருமா, நகரத்துப் பெரிய சாவடிகள் கடைசியில் வருமா என்று தெரிந்த கருத்தாளர்கள் அதை நேயருக்கு விளக்கினார்கள். தெரியாதவர்கள் பலகை மாறும்போதெல்லாம் புதுக் கதை சொன்னார்கள். கடைசியில் ஏஎன்சி 40.18 சதவீதம். அந்த இரவில் கரிமா இருந்திருந்தால் என்று கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் சொன்னார், யாரும் மறுக்கவில்லை.

கேப் காற்று எழுதியது:

அருமையான தகவல் ஐயா. ஒரு கேள்வி: ஜூமாவுக்கு நெருக்கமான குப்தா குடும்பத்தின் செய்திச் சேனல் ஏஎன்என்7 ஓடிய காலத்தில் (2013இலிருந்து 2018 வரை) அங்கே பேசிய ஆய்வாளர்களும் இதே பட்டியலில் இருந்து வந்தவர்கள்தானா?

திரைக்குப் பின்னால் எழுதியது:

சிலர் ஆமாம். சிலர் அங்கே மட்டும். பெயர் சொல்ல மாட்டேன்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் எழுதியது:

சரி, சேனலுக்குள்ளேயே எதிர்த்து நின்றவர்களையும் மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும். 2016 மே மாதம் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியில், அதன் தலைமை இயக்க அதிகாரி ஹ்லாவ்டி மொட்சோனெங் ஓர் உத்தரவு போட்டார்: போராட்டக்காரர்கள் பொதுச் சொத்தை எரிக்கும் காட்சிகளைக் காட்டக்கூடாது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும் நேரம். அதை எதிர்த்ததற்காக எட்டு செய்தியாளர்கள் வேலையை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் கிரிவானி பிள்ளை, இன்னொருவர் லுக்கான்யோ கலாட்டா. கலாட்டாவின் தந்தை ஃபோர்ட் கலாட்டா, 1985இல் நிறவெறி அரசு கொன்ற கிராடாக் நால்வரில் ஒருவர். தந்தை எதற்காகச் செத்தாரோ அதற்குத் துரோகமாக நான் வாய் மூடி இருக்க முடியாது என்ற கருத்தில் மகன் எழுதினார். நீதிமன்றம் போய்ப் பெரும்பாலானவர்கள் வேலையைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் எட்டுப் பேரில் ஒருவரான சூனா வென்டர் மிரட்டல்களால் நொந்து, 2017 ஜூனில் இறந்துபோனார். இதயப் பிரச்சினை என்றார்கள்.

இதழியல் படிக்கப்போகும் பிள்ளைகளிடம் கேமரா வெளிச்சத்தை மட்டும் சொல்லக்கூடாது. சூனாவையும் சொல்வேன், கரிமாவின் போனையும் சொல்வேன். சொல்லிவிட்டு, இருந்தாலும் போங்கள் என்பேன்.

ஃபீனிக்ஸ் வாசி எழுதியது (டர்பன்):

நான் 2021 ஜூலையில், இந்தியர்கள் நிறைய வாழும் ஃபீனிக்ஸில் இருந்தவன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூமா சிறைக்குப் போன பிறகு வந்த கலவரத்தில் நாடு முழுக்க 354 பேர் இறந்தார்கள். எங்கள் பகுதியில் மட்டும் 36 பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு சேனலிலும் எங்களைப் பற்றிப் பேசினார்கள். ஒரு பக்கம், இந்தியர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் என்ற தொனி. இன்னொரு பக்கம், தற்காப்புதானே என்று கொல்லப்பட்டவர்களின் பெயரைக்கூடச் சொல்லாத தொனி. கடைக்குப் போய்த் திரும்பாத இளைஞனின் தாய், எங்கள் பக்கத்துப் பம்பாயி குடியிருப்பில் அழுதுகொண்டிருக்கிறாள். எங்கள் தெருவில் மூன்று இரவு தூங்காத கிழவர் பயத்தில் நடுங்குகிறார். இந்த இருவர் வீட்டிலும் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்த கருத்தாளர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. சாலைத் தடுப்பில் நின்று சுட்டவர்கள் எங்கள் மக்களிலும் இருந்தார்கள். அதை எங்களில் ஒருவர் டிவியில் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மீதிப் பேரின் பயத்தையும் நாடு காதுகொடுத்துக் கேட்டிருக்கும்.

டீச்சர் சொன்ன இந்தியன் ஒப்பீனியன் அச்சான ஃபீனிக்ஸ் குடியிருப்பு எங்கள் பக்கத்து இனாண்டாவில்தான் இருக்கிறது. 1985 கலவரத்தில் அது சூறையாடப்பட்டது. ஆக, இது புதுக் காயம் இல்லை. பழையதைத் தெரிந்தவர், இரண்டு பக்கமும் நண்பர்கள் உள்ளவர், ஸுலுவும் பேசத் தெரிந்தவர் ஒருவர் அந்த வாரம் திரையில் இருந்திருந்தால் எவ்வளவு மாறியிருக்கும். டீச்சர், உங்கள் மாணவிகளை ஸுலு படிக்கச் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் எழுதியது:

கண்டிப்பாகச் சொல்கிறேன் அண்ணா. ஒருத்தி பள்ளியில் ஸுலு எடுத்திருக்கிறாள். இன்னொருத்தியையும் சேர்த்துவிடுகிறேன்.

லெனேசியா வாசி எழுதியது:

ஃபீனிக்ஸ் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு கட்சிச் சட்டை பற்றிய என் வாதம் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் விடவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும் என்றால் இரண்டு வீட்டுக்காரரும் கதவைத் திறக்க வேண்டும். கட்சி நிறத்தில் ஒருமுறை படம் வந்துவிட்டால் ஒரு வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும்.

மிட்ராண்ட் மழை எழுதியது:

இது என்னை யோசிக்கவைக்கிறது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும் என்று தொடங்கினேன். கேட்கிறவருக்கு அது போதும் என்று இப்போதும் நினைக்கிறேன். செய்தி தருகிறவருக்குப் போதாது போலிருக்கிறது.

பழைய அச்சுமேசை எழுதியது:

தம்பி, நான் சொல்ல வந்ததும் அதுதான். நாற்காலிக்கு ஏற்ற மாதிரி பொறுப்பு மாறுகிறது. செய்தி சேகரிப்பவருக்கும், எந்தச் செய்தி எந்தப் பக்கம் என்று முடிவு செய்பவருக்கும் கட்சி கூடாது, வீட்டுக்குள்ளே வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். சொந்தப் பெயரில் கருத்துச் சொல்பவருக்குக் கட்சி இருக்கலாம், நேயருக்குத் தெரிய வேண்டும். கரிமா 2015இல் உட்கார்ந்திருந்தது முதல் நாற்காலி. 2019இல் திரையில் இருந்தது இரண்டாவது. முதலாவதில் அவர் செய்ததை நான் ஏற்கவில்லை. இரண்டாவதில் அவருக்கு ஈடாக ஒருவரை இன்னும் நான் பார்க்கவில்லை.

இனி நம்மால் ஆவதைப் பேசுவோம். ஒலிபரப்புப் புகார்களைக் கேட்க பிசிசிஎஸ்ஏ என்ற ஆணையம் இருக்கிறது. கருத்து என்றால் அது கருத்துதான் என்று நேயருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும், உண்மையான தகவல்களை வைத்துச் சொல்ல வேண்டும் என்று அதன் நெறியிலேயே இருக்கிறது. பேசுபவர் யாருக்கு வேலை பார்த்தார் என்பதும் அந்தத் தெளிவில் அடங்கும் என்று நாம் கேட்கலாம். பெயர்ப் பட்டையில் 'அரசியல் ஆய்வாளர்' என்பதோடு 'முன்னாள் ஆலோசகர், இன்ன அமைச்சர்' என்று நான்கு சொல் சேர்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

திரைக்குப் பின்னால் எழுதியது:

ஒரு நிமிடம்கூட ஆகாது. விருந்தினர் பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்து, வருடத்துக்கு ஒருமுறை அவர்களிடமே கேட்டு நிரப்பினால் போதும். பட்டை தானாக அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எழுதுங்கள், உள்ளே இருப்பவர்களில் பலர் சந்தோஷப்படுவார்கள்.

மிட்ராண்ட் மழை எழுதியது:

அப்படியானால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரைகிறேன். மூன்று செய்திச் சேனல்களுக்கும் ஒன்றாக அனுப்பலாம். அங்கே பதில் வராவிட்டால் அப்புறம் ஆணையம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரைவை இங்கேயே போடுகிறேன். அச்சுமேசை ஐயா திருத்திக் கொடுக்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் வாசி எழுதியது:

எங்கள் பகுதியைப் பற்றிப் பேசும்போது பகுதியிலிருந்து ஒருவரையாவது அழையுங்கள் என்று ஒரு பத்தி சேருங்கள் தம்பி. இனாண்டாவிலிருந்தும் ஒருவர் என்று சேர்த்தே எழுதுங்கள்.